ஞாயிறு ஈ.சி.ஆர். ரைடில் பேட்டரி சைக்கிளைச் சேர்க்கலாமா?

ஞாயிறு_ஐந்தரை:
நம் சைக்கிள் குழு ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருவான்மியூரில் கிளம்பி, ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு போய்த் திரும்புகிறது. மாதம் ஒருமுறை மாமல்லபுரம். போன வாரம் புதிதாக ஒருவர் பேட்டரி சைக்கிளோடு வந்தார். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், டீக்கடையில் பேச்சு முற்றிவிட்டது. மிச்சத்தை இங்கே பேசிவிடுவோம்.

பஞ்சர்_பெட்டி:
வேண்டாம். வியர்க்க மிதிப்பதற்காகத்தான் நாலரைக்கு அலாரம் வைத்து எழுகிறேன். மோட்டார் பூட்டியவர் பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டே முந்தினால் எரிச்சல் வரத்தான் செய்யும், மறைக்கவில்லை. பி.ஆர்.எம். நெடுந்தூர ரைடுகளில் 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவும் மனித உழைப்பால் மட்டும். அங்கே பேட்டரிக்கு இடமில்லை. நமக்கு மட்டும் எதற்கு?

பழைய_ஹெர்குலிஸ்:
அந்தப் புது ஆள் நான்தான். தம்பி, பி.ஆர்.எம். கடிகாரம் வைத்து நடத்துகிற சோதனை. முட்டுக்காட்டில் நம்மை யார் கணக்கெடுக்கிறார்கள்? எண்ணுவது இட்லியைத்தான். எனக்கு 61 வயது, போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஓட்டுங்கள், ஆனால் மூச்சு வாங்க ஓட்டாதீர்கள் என்றார் டாக்டர். மார்கழியில் திரும்பும்போது வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்குமே, அந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குத்தான் எனக்கு மோட்டார். 250 வாட், 25 கி.மீ. வேகத்துக்குள் என்றால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். சட்டத்துக்கே அது சைக்கிள்தான்.

பஞ்சர்_பெட்டி:
சட்டம் ரோட்டில் ஓட்டத்தான் விடுகிறது சார். என் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டச் சொல்லவில்லை.

செயின்_சத்தம்:
சண்டை வேறெங்கோ போகிறது. ஈ.சி.ஆர். தட்டையான ரோடு. நாம் வரிசை கட்டிப் போவது 28, 30 கி.மீ. வேகத்தில். அவர் மோட்டார் 25இல் நின்றுவிடும். அதற்கு மேல் இருபத்திரண்டு கிலோ வண்டியை அவர் காலால்தான் தள்ள வேண்டும், நம்முடையது ஒன்பது, பத்து கிலோ. முந்துவதற்குப் பதிலாக அவர்தான் பின்தங்குவார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் என்றால் கதை வேறு, அங்கே நம்மைத் தூசியில் விட்டுவிட்டுப் போவார்.

என் பயம் மோட்டாரை எப்போது ஓட விடுவது என்று பார்க்கிற சென்சார் பற்றியது. விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. அரைச் சுற்று சுற்றியதும் மோட்டார் திடீரென்று தள்ளும். மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு நொடி தள்ளிக்கொண்டே இருக்கும். முன்னால் போகிறவருக்கும் நமக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கும்போது அந்த ஒரு நொடி போதும். இதில் கைப்பிடியைத் திருகினாலே மோட்டாரை ஓட வைக்கிற த்ராட்டில் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். வேறொரு குழுவில் என் கண்ணெதிரே நடந்தது: கோவளம் தாண்டி ஒருவர் த்ராட்டிலைத் திருகினார், முன்சக்கரம் அடுத்தவர் வண்டியில் உரசியது. மூன்று பேர் விழுந்தோம், ஒருவருக்குக் காரை எலும்பு முறிந்தது. அழுத்தத்தை அளக்கிற சென்சார் உள்ள வண்டி இப்படிக் குதிக்காது. விலைதான் கையைக் கடிக்கும்.

மஞ்சள்_ஹெல்மெட்:
நானும் ஒன்று சொல்கிறேன். "யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்" என்று நம் குழு அறிவிப்பில் இருக்கிறது. போன பிப்ரவரியில் முட்டுக்காடு பாலம் வருவதற்குள் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள், இருட்டில், தனியாக. அன்று போன யாருடைய சைக்கிளிலும் மோட்டார் இல்லை. அதற்கப்புறம் நான் வரவே இல்லை. பேட்டரி சைக்கிள் வாங்கினால் வரலாமே என்றுதான் இந்த விவாதத்தைப் படிக்க வந்தேன்.

ஞாயிறு_ஐந்தரை:
அது எங்கள் தப்புதான். கடைசியில் ஓட்ட ஒருவரைப் போட்டிருக்க வேண்டும்.

பஞ்சர்_பெட்டி:
மன்னித்துவிடுங்கள், அன்று நானும் முன்னால் போனவன்தான். ஆனால் நடைமுறையைப் பாருங்கள். கருவேல முள் குத்தினால் என் பின்சக்கரம் ஒரு நிமிடத்தில் கையில். அவருடையதில் மோட்டார் வயர், பெரிய நட்டு. யார் கழற்றுவது?

பழைய_ஹெர்குலிஸ்:
பஞ்சர்_பெட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? டயரை ஒரு பக்கம் நெம்பி டியூபை வெளியே இழுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்து ஒட்ட வேண்டியதுதான். தெருமுனைக் கடைக்காரர் என்றைக்குச் சக்கரத்தைக் கழற்றினார்?

பஞ்சர்_பெட்டி:
சரி, அதில் நான் தோற்றேன். பேட்டரி தீர்ந்தால்? உங்களுடையது 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றீர்கள். 360 வாட் ஹவர். முழு வேகத்தில் ஓட விட்டால் ஒன்றரை மணி நேரம்கூட வராது. மாமல்லபுரம் போய்த் திரும்ப 90 கி.மீ.

பழைய_ஹெர்குலிஸ்:
முழு வேகத்தில் ஏன் விடப்போகிறேன்? இருந்தாலும் மாமல்லபுரத்துக்கு நான் கேட்கவில்லை. செயின்_சத்தம் சொன்னதுதான் உறைத்தது. இன்று மாலை த்ராட்டில் வயரைக் கழற்றிவிட்டேன், வரிசையில் நுழையமாட்டேன், நாலு வண்டி தூரம் விட்டுக் கடைசியில் வருகிறேன். மஞ்சள்_ஹெல்மெட் வந்தால் அவர் தனியாக வர வேண்டியதில்லை.

செயின்_சத்தம்:
எனக்குச் சம்மதம். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம்.

மஞ்சள்_ஹெல்மெட்:
இந்த ஞாயிறு வருகிறேன். இப்போதைக்குப் பழைய சைக்கிளில்தான்.

பஞ்சர்_பெட்டி:
என் கருத்து மாறவில்லை. ஆனால் நீங்கள் கடைசியில் வருவீர்கள், நான் முன்னால் போவேன், அந்த மோட்டார் சத்தம் எனக்குக் கேட்கப்போவதில்லை. இட்லிக்கடையில் பார்ப்போம் சார்.