முளைநெல் சாறு: போன நீலம் ஆறியதும் திரும்பி வருகிறது, நொதி பின்வாங்குமா?

வெண்ணாற்றங்கரை:
பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்கு, முளைத்த நெல் மாவுச்சத்தை உடைப்பதைக் காட்ட வேண்டுமாம். குறுவைக்கு ஆடுதுறை 43 விதை ஊறவைத்து மூட்டம் போட்டிருந்தோம், அதில் ஒரு பிடி எடுத்து முளையோடு அரைத்து வடிகட்டினோம். கொதிக்கக் கொதிக்க இறக்கிய கஞ்சியில் அந்தச் சாற்றை ஊற்றி, மருந்துக்கடை பொவிடோன் அயோடின் சில சொட்டு விட்டால் நீலமே வரவில்லை. ஆஹா என்றிருந்தோம். கஞ்சி ஆற ஆற டம்ளர் முழுக்கக் கருநீலம்! வெறும் ஆறின கஞ்சியில் விட்டபோது வந்த அதே நிறம். நொதி வெட்டியது மறுபடி ஒட்டிக்கொள்ளுமா என்ன?

மூட்டக்காரன் (ஆடுதுறை):
முளை எவ்வளவு நீளம் தம்பி? கொம்பு நன்றாக நீட்டியிருக்க வேண்டும். ஊறினவுடன் நெல்லில் ஸ்டார்ச்சை வெட்டும் நொதி அதிகம் இருக்காது. கருதான் ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அனுப்பி, தவிட்டை ஒட்டிய படலத்தை அமைலேஸ் என்கிற அந்த நொதியைச் சுரக்கச் சொல்கிறது. அறுவடை மழையில் களத்திலேயே முளைவிட்ட நெல்லை அரைத்துப் பாருங்கள், நொறுங்கும், சோறும் பிசுபிசுவென்று குழையும். எல்லாம் இந்த அமைலேஸ் பண்ணுகிற வேலைதான்.

தஞ்சாவூரான்:
எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விடுங்க அண்ணே, நீலம் பறந்துடும்.

குடந்தை டீச்சர்:
எலுமிச்சை வேண்டவே வேண்டாம் சார். அதிலுள்ள வைட்டமின் சி அயோடினையே அயோடைடாக மாற்றிவிடும், நிறம் போகும், ஸ்டார்ச் அப்படியே இருக்கும். நடுவராக வருபவர் கண்டுபிடித்தால் பொண்ணுதான் முழிக்கணும்.

உங்கள் டம்ளரில் நொதி பின்வாங்கவில்லை, வேலையே தொடங்கவில்லை. ஸ்டார்ச் இழை சுருள் சுருளாக இருக்கும், அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்காரும்போதுதான் நீலம் தெரியும். நல்ல சூட்டில் அந்தப் பிடி தளர்ந்து நிறம் மறையும், ஆறினால் திரும்ப வரும். சாறே இல்லாமல் வெறும் கஞ்சியைச் சூடாக வைத்து அயோடின் விட்டுப் பாருங்கள், இதேதான் நடக்கும். நொதி நிஜமாகவே வெட்டியிருந்தால் ஆறினாலும் நீலம் வராது, ஏனென்றால் இவ்வளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் வினை உடையும் பக்கமாகத்தான் போகும். நொதியும் ஒரு வினையூக்கிதான், எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை வினையூக்கி மாற்றாது. போகிற வேகத்தைத்தான் கூட்டும்.

சாறு ஏன் செத்தது என்றால், கொதிக்கிற கஞ்சி. அமைலேஸ் ஒரு புரதம், கால்சியம் அயனியும் சேர்ந்து அதன் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கொதிநிலைச் சூட்டில் மடிப்பு குலைந்து, ஸ்டார்ச் வந்து உட்காரும் குழியே இல்லாமல் போகும். அந்தக் குழியில் இருக்கும் அமில அமினோ அமிலங்களில் ஒன்று இரண்டு குளுக்கோஸுக்கு நடுவிலுள்ள ஆக்சிஜனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கும், இன்னொன்று எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடிக்கும், அதனால் இணைப்பு உடையத் தொடங்கத் தேவையான ஆற்றல், அதாவது கிளர்வு ஆற்றல், குறைகிறது. 1811-இல் கிர்ச்சாஃப் என்ற வேதியியலாளர் ஸ்டார்ச்சை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்துச் சர்க்கரையாக்கினார், அங்கேயும் புரோட்டான்தான் வினையூக்கி, ஆனால் அதற்குக் கொதி தேவைப்பட்டது. 1833-இல் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைப் பார்லியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் கொதிக்கவைக்காமலே அதைச் செய்தது. உங்கள் பொண்ணு செய்வது ஏறக்குறைய அந்தச் சோதனைதான், பார்லிக்குப் பதில் நெல்.

இப்படிச் செய்யுங்கள்: ஒரு டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் அரிசிமாவு போதும், கஞ்சி கெட்டியாக இருந்தால் நாள் முழுக்க ஆகும். கொதித்தபின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுச் சாற்றை ஊற்றுங்கள். இன்னொரு டம்ளரில் அதே கஞ்சியோடு கொதிக்கவைத்து ஆறிய சாறு. அயோடினை டம்ளரில் விடாதீர்கள், நொதியையும் அது கெடுக்கும். வெள்ளைத் தட்டில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் ஒரு துளி எடுத்துச் சேருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
டீச்சர், நன்றி. சூடான வெறும் கஞ்சியில் பார்த்தேன், அதேதான்! நிறம் போய் ஆறியதும் வந்தது. அப்புறம் தட்டில் செய்தோம். கருநீலம், ஊதா, செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் டீத்தண்ணி நிறம், வரிசையாக வந்தது. கொதித்த சாறு விட்டது அசையவே இல்லை, கடைசிச் சொட்டு வரைக்கும் நீலம். ஒரே ஒரு கேள்வி, சாற்றை முந்தின நாளே அரைத்து வைக்கலாமா?

குடந்தை டீச்சர்:
ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி தாங்கும். வெளியில் வைத்தால் நம்ம ஊர் வெக்கைக்குப் புளித்துவிடும். முளைநெல்லை ஈரத்துணியில் எடுத்துப்போய் அங்கேயே இடித்துக்கொண்டால் இன்னும் நல்லது, பார்க்க வருகிற பிள்ளைகளுக்கும் முளையைக் காட்டலாம். சின்ன உரல் இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:
இருக்கிறது டீச்சர், பாட்டி வெற்றிலை இடிப்பது. நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்கிறோம், சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்.