விறகு எரியவே மாட்டேன் என்கிறது, யாராவது சொல்லுங்களேன்

நீடாமங்கலத்துப் பெண்: வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வாடகை வீட்டில் விறகு அடுப்பு. நன்றாகக் காய்ந்தது என்று சொல்லி ஒரு லோடு இறக்கிவிட்டுப் போனார்கள். பற்ற வைத்தால் கட்டை முனையில் நுரை நுரையாகத் தண்ணீர் கொதிக்கிறது. அடுப்புக் கண்ணாடி முழுக்கக் கரி. அலாரம் கத்துகிறது. அவருக்கு நைட் ஷிப்ட். குழந்தை இருமுகிறது. என்ன செய்ய?

கும்பகோணத்தான்: இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சட்டமே இருக்கிறதே! 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கிற விறகில் ஈரம் 20%-க்கு மேல் போகக் கூடாது. கவுன்சிலில் புகார் கொடுங்கள்.

நீடாமங்கலத்துப் பெண்: கனடா அண்ணா. நியூ பிரன்ஸ்விக்.

பேராவூரணிக்காரன்: நான் வந்த வருஷம் பேஸ்மென்ட்டில் ஐந்து பேர், ஒரே ஹீட்டர். ஜன்னலுக்கு உள்பக்கம் ஐஸ் கட்டும். உங்களுக்கு அடுப்பாவது இருக்கிறது. 2018-ல் கஜா அடித்தபோது விழுந்த மாமரத்தைப் பச்சையாகவே வெட்டி எரித்துச் சோறாக்கினோம். சிறிதாகப் பிளந்து போடுங்கள், எரியும்.

திருவையாறு அக்கா: தம்பி, அது திறந்த கொல்லையில். அடைத்த வீட்டில் அதைச் சொல்லாதே. ஈரக் கட்டையின் புகை சிம்னிக்குள் தார் மாதிரி படியும். ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும்.

கும்பகோணத்தான்: விற்கிறவன் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எங்கள் தெரு விறகுக்கடையில் சவுக்குக் கட்டைக்குத் தண்ணீர் தெளித்துத்தான் எடை போடுவான்.

பேராவூரணிக்காரன்: இங்கே எடையே கிடையாது அண்ணே, 'கார்ட்' என்று அடுக்கின அளவுக் கணக்கு. ஒரு கார்ட் என்றால் 128 கன அடி. ஒருமுறை அடுக்கி அளந்தேன், முக்கால்தான் தேறியது. கேட்டால் சிரிக்கிறான்.

மன்னார்குடி, இப்போது ஊரோடு: இருபது வருஷம் கியூபெக்கில் விறகு எரித்தவன் சொல்கிறேன். எந்த அலாரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே! கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கான அலாரம் என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே போய் 911-க்குக் கூப்பிடும்மா. புகை அலாரம் மட்டும்தான் என்றால் ஜன்னலைத் திற, புதுக் கட்டை போடாதே. கரண்ட் ஹீட்டர் இருக்கும்தானே?

காலையில் ஹார்டுவேர் கடையில் கட்டையின் ஈரம் பார்க்கிற மாய்ஸ்சர் மீட்டர் வாங்கு. ஒரு கட்டையை வீட்டுக்குள் ஒருநாள் வை. உறைந்த கட்டையில் மீட்டர் பொய் சொல்லும். அப்புறம் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில், இரண்டு ஊசியும் நார் ஓடுகிற வாக்கில் இருக்கும்படி குத்து. முனை சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே பார்த்தால் ஏமாறுவாய். ஈரம் 20%-க்குக் கீழே வந்தால் எரிக்கலாம். வராவிட்டால் அடுத்த குளிருக்குத்தான். பிளந்து, பலகை மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் தார்ப்பாய் போடு. பக்கத்தையும் மூடினால் நனைந்த வைக்கோல் போர் மாதிரி புழுங்கிப் பூசணம் பிடிக்கும்.

நீடாமங்கலத்துப் பெண்: புகை அலாரம்தான் ஐயா, நின்றுவிட்டது. ஹீட்டர் போட்டிருக்கிறேன்.

நீடாமங்கலத்துப் பெண்: இன்றைக்குப் பிளந்து பார்த்தேன். முனையில் 19, நடுவில் 34. அன்றைக்கு அவர்கள் மீட்டரை முனையில் குத்தித்தான் காட்டினார்கள். சிம்னி துடைக்க வியாழக்கிழமை ஆள் வருகிறார்.