சேஃப்டி வால்வு சீறிய அனுபவம் உண்டா?

உமி பாய்லர்:
பாய்லர் அட்டெண்டன்ட்டாக நான் சேர்ந்த புதிது. அரிசி ஆலை, உமி எரிக்கும் பாய்லர். அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து நீராவியை வெளியேற்றும் சேஃப்டி வால்வு, சதுர சென்டிமீட்டருக்கு 10.5 கிலோ அழுத்தத்தில் திறக்க வேண்டும். நாங்கள் ஓட்டியதோ 10 கிலோவில். நாள் முழுக்க வால்வு ‘உஸ்ஸ்’ என்று கசிந்துகொண்டே இருக்கும். முதலாளியின் காதுக்கு அது உமி பணமாகப் பறக்கும் சத்தம். “ஸ்பிரிங்கை ஒரு சுற்று இறுக்கிவிடு” என்றார். நானும் ஸ்பேனரோடு ஏறிவிட்டேன்.

கீழே நின்ற மூத்த அட்டெண்டன்ட் சத்தம் போட்டார்: “இறங்கு தம்பி! அந்த ஈயச் சீலை உடைத்தால் நாளையிலிருந்து நீதான் வால்வு!”

டீக்கடையில் விளக்கினார். ஸ்பிரிங்கை யாரும் மாற்றி இறுக்காமல் இருக்கத்தான் அந்த ஈய முத்திரை. இறுக்கினால் கசிவு நிற்கும், ஆனால் 10.5-இல் திறக்க வேண்டியது 12-இல் திறக்கும். பாய்லரின் உடலான ஷெல்லின் பலம் அதற்காகக் கூடிவிடாது. 10 கிலோவில் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 184 டிகிரி. ஷெல் கிழிந்தால் அதில் ஒரு பகுதி அந்தக் கணமே நீராவியாகிவிடும். கூரையைத் தூக்கிக்கொண்டு போவது அதுதான்.

கசிவுக்குக் காரணம் வால்வே இல்லை, நாங்கள்தான். திறக்கும் அழுத்தத்தை நெருங்க நெருங்க, வால்வை அடைக்கும் தட்டான டிஸ்க்கை, அது உட்காரும் வளையமான சீட்டின்மேல் அழுத்திவைக்கும் விசை குறைந்துகொண்டே வரும்; கசியத்தான் செய்யும். கசியும் நீராவி சீட்டையும் அரித்துவிடும். 9 கிலோவுக்கு இறக்கி ஓட்டினோம். வருடாந்தர நிறுத்தத்தின்போது சீட்டைத் தேய்த்துச் சரிசெய்தார்கள். சத்தம் நின்றது. முதலாளி மட்டும் கடைசிவரை என்னைச் சோம்பேறி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சைசிங் மில்:
எங்களுடையது நூலுக்குக் கஞ்சி போடும் ஆலை, கதை வேறு. பாய்லரிலிருந்து வரும் நீராவியை அழுத்தக் குறைப்பு வால்வு வழியாக இறக்கி, நூல் காயவைக்கும் சிலிண்டர்களுக்குக் கொடுப்போம். சிலிண்டர் தாங்குவது 3.5 கிலோதான். ஒரு நாள் குறைப்பு வால்வில் துரு சிக்கி, திறந்தபடியே நின்றுவிட்டது. சேஃப்டி வால்வு சரியாக 3.5-இல் திறந்தது, காது கிழிகிற சத்தம். ஆனாலும் கேஜ் முள் நிற்கவில்லை, 4-ஐத் தாண்டியது. ஓடிப்போய் மெயின் வால்வை மூடினேன். கை நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆனது.

வால்வு பழுது என்றார்கள். பழுதில்லை, சிறியது. இருந்த குழாயின் அளவைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். குறைப்பு வால்வு முழுதாகத் திறந்துகொண்டால் மணிக்கு எத்தனை கிலோ நீராவி பாயுமோ, அத்தனையையும் வெளியே தள்ளுகிற வால்வு வேண்டும். இந்தக் கணக்கை ஒருவரும் போடவில்லை, நான் உட்பட.

புதிய அட்டெண்டன்ட்:
எங்கள் ஆலையில் வால்வின் லீவரை யாருமே தொடுவதில்லை. இழுத்தால் திரும்ப மூடாது என்கிறார்கள். உண்மையா?

உமி பாய்லர்:
பாதி உண்மை தம்பி. அழுத்தம் குறைவாக இருக்கும்போது இழுத்தால் சீட்டில் அழுக்கு உட்கார்ந்துகொள்ளும், பிறகு கசியும். திறக்கும் அழுத்தத்தில் 75 சதவீதமாவது ஏறிய பிறகு, மூத்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இழுங்கள். நீராவி வேகமே அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கு முன் வெளியேற்றக் குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எங்கள் ஆலையில் அது சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்திருந்தது.