செயின் லோடர் கியர்பொக்ஸில் ஊளைச் சத்தம்

கேள்வி: நுவரெலியாவில் ஓடும் பழைய பவர்ஷிப்ட் (ஒயில் பிரஷரில் கியர் மாறும்) செயின் லோடர். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் கியர்பொக்ஸ் ஊளையிடுது, நியூட்ரலிலும்தான். சூடேறினால் குறையுது. கழற்றணுமா?

பதில் 1: அவசரப்படாதீங்க அண்ணா. நின்ற இடத்தில், நியூட்ரலில் சத்தம் என்றால் பைனல் டிரைவ் (செயினைச் சுற்றும் கடைசிக் கியர்), செயின் மேல் பழி போடமுடியாது. அதெல்லாம் அப்போது சுற்றாது. மிச்சம் கியர்பொக்ஸ் ஒயில் பம்ப், கன்வேர்டர் (என்ஜின் சக்தியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்துவது), இன்புட் பேரிங். குளிரில் மட்டும் கூடுது என்றால் பெரும்பாலும் பம்புக்கு ஒயில் எட்டாத சத்தம். மட்டமான இடத்தில், ஒயில் சூடாக, என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது டிப்ஸ்டிக் பாருங்க. தேயிலை மலைச் சரிவில் பார்த்த லெவல் பொய். ஒயில் நுரைத்திருந்தால் சக்‌ஷன் ஹோஸ் (பம்ப் ஒயில் இழுக்கும் குழாய்) கிளிப், ஓ ரிங் வழியாகக் காற்று ஏறுது.

பதில் 2: 50 நம்பர் ஒயில் என்றால் அந்தக் குளிருக்குக் கனம். டிஓ-4 (TO-4, கனரக மெஷின் கியர்பொக்ஸ் ஒயில்) தரத்தில் 30 நம்பர் போடலாம், மெஷின் புத்தகத்தையும் பாருங்க. காந்த ஸ்க்ரீனை (ஒயிலில் வரும் உலோகத் தூளைப் பிடிக்கும் வலை) கழற்றிக் கழுவுங்க. பித்தளை நிறத் தூள் கிளச் தட்டு அல்லது புஷ் தேய்மானம். இரும்புச் சீவல் வந்தால் பேரிங், கியர் பல் தேய்மானம். அப்போது மெஷினை ஓட்டவே கூடாது. பில்டரையும் வெட்டிப் பாருங்க, ஹெக்ஸோ பிளேடால் வேண்டாம், அதன் தூளே ஏமாற்றும்.

பதில் 3: இதெல்லாம் சரியாக இருந்தும் ஊளை என்ஜின் வேகத்தோடு ஏறினால் பிரஷர் கேஜ் மாட்டுங்க. பிரஷர் குறைவு, முள் ஆடுது என்றால் முதல் சந்தேகம் பம்ப்.