கன்னியாகுமரிப் படங்களில் கடல் இடப்பக்கம் சரிகிறது: கேமராவின் குறையா, என் கையின் குறையா?

தெற்குக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாதம் குடும்பத்துடன் கன்னியாகுமரி சென்றிருந்தபோது, விடியற்காலையில் கரையிலிருந்தும் பின்னர் படகிலிருந்தும் திருவள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் ஏறத்தாழ 140 படங்கள் எடுத்தேன். 24 மெகாபிக்சல் கேமரா, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், ரா கோப்புகள். வீட்டிற்கு வந்து கணினியில் பார்த்தால் பெரும்பாலான படங்களில் கடல் இடப்பக்கம் தாழ்ந்தும் வலப்பக்கம் உயர்ந்தும் இருக்கிறது. இத்தனைக்கும் கேமராவில் உள்ள மின்னணு மட்டக்கோடு பச்சையான பிறகுதான் ஒவ்வொரு படத்தையும் எடுத்தேன்.

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் நேராக்கும் கருவியைக் கொண்டு, இட ஓரத்திலிருந்து நடுவில் உள்ள சிலையின் பீடம் வரை அடிவானத்தின் மேல் கோடு இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். அப்படிச் செய்ததும் வலப்பக்கம் முன்னைவிட மோசமாகிறது. சிலையை நிமிர்த்தினால் கடல் சாய்கிறது. கடலை நிமிர்த்தினால் சிலை சாய்ந்தது போலத் தோன்றுகிறது. அதோடு, ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஓரங்கள் வெட்டுப்படுவதால், ஒரு நல்ல படத்தில் பீடத்தின் அடிப்பகுதியே போய்விடுகிறது. என் மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட வேண்டிய படம் அது. கேமராவைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டுமா, அல்லது நான் செய்வதில் தவறு உள்ளதா என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

ரசமட்டம்:

கேமராவை யாரிடமும் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டு ஒன்றை நிலைப்படியின் மேற்சட்டத்திலிருந்து தொங்கவிடுங்கள்; அது கிடைக்காவிட்டால் நூலில் கட்டிய பூட்டு போதும். மின்விசிறியை அணைத்து, நூல் ஆடாமல் நின்றபின், கேமராவை ட்ரைபாடில் வைத்து, மட்டக்கோடு பச்சையாகும்படி சரிசெய்து, நூல் படத்தின் சரி நடுவில் வருமாறு ஒரு படம் எடுங்கள். நடுவில் வர வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கேமரா சற்று மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருந்தால் ஓரத்தில் உள்ள செங்குத்துக் கோடுகள் உள்ளே சாயும் அல்லது வெளியே விரியும். நடுக்கோட்டில் வரும் செங்குத்து மட்டும் அப்போதும் செங்குத்தாகவே பதியும்.

பிறகு கேமராவைக் கையில் பிடித்து, அதே நூலைப் பச்சை கண்டவுடன் பத்து முறை எடுங்கள். ட்ரைபாடில் நேராகவும் கையில் சாய்ந்தும் வந்தால் கேமராவின் மீது குற்றமில்லை. இரண்டிலும் ஒரே அளவு சாய்ந்தால் மட்டக்கோடு பிழைபட்டுள்ளது என்று பொருள். சில கேமராக்களில் அதைத் திருத்த அமைப்பிலேயே வசதி இருக்கும்.

நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்து நான் ஊகிப்பது இதுதான். பொத்தானை அழுத்தும்போது வலக்கை ஆட்காட்டி விரல் கேமராவின் வலப்பக்கத்தைக் கீழே தள்ளுகிறது. கேமரா வலப்பக்கம் தாழ்ந்தால், படத்தில் காட்சி எதிர்த்திசையில் திரும்பி, கடல் இடப்பக்கம் தாழ்ந்து பதியும். பச்சை தெரிந்த நொடி வேறு, படம் பதிந்த நொடி வேறு.

அலைபாயும் கண்:

கரையில் எடுத்தவற்றுக்கு மேலே உள்ள விளக்கம் பொருந்தும். படகில் எடுத்தவற்றைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்; அங்கே நடப்பது வேறு. மட்டக்கோட்டை இயக்கும் உணரி, தன் மீது விழும் முடுக்கத்தை அளந்து அதையே புவியீர்ப்பின் திசை என்று கொள்கிறது. படகு அலையில் ஏறி இறங்கும்போதும் வளைந்து திரும்பும்போதும் அந்த அசைவின் முடுக்கமும் ஈர்ப்புடன் சேர்ந்துவிடுவதால், இரண்டையும் பிரித்தறிய வழியின்றி அது தவறான இடத்தில் பச்சை காட்டும். படகில் மட்டக்கோட்டை நம்பாமல், திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து, அவற்றில் ஒன்றுடன் அடிவானத்தை ஒட்டி வைத்துப் பார்த்து எடுப்பதே மேல். சிலையைச் சட்டத்தின் விளிம்பு வரை நிரப்பாமல் நான்கு பக்கமும் இடம் விட்டு எடுங்கள்.

அந்த இடம் எவ்வளவு என்று கேட்டால் கணக்கே சொல்கிறேன். 3க்கு 2 விகிதப் படத்தை அதே விகிதம் மாறாமல் 1 டிகிரி திருப்பினால் பரப்பில் சுமார் 5 விழுக்காடும், 2 டிகிரி திருப்பினால் சுமார் 10 விழுக்காடும், 3 டிகிரி திருப்பினால் சுமார் 14 விழுக்காடும் வெட்டுப்படும். உங்கள் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல் என்றால், 2 டிகிரி திருப்பிய பின்னும் அகலம் 5700 பிக்சலுக்குக் குறையாது. 18 அங்குல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 பிக்சலுக்கு மேலேயே கிடைக்கும். ஆகவே தெளிவு குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். இழப்பு ஓரத்தில் இருப்பவற்றுக்குத்தான்.

கொடைமலையாள்:

இதே இழையில் என் ஐயத்தையும் கேட்கலாமா? கொடைக்கானல் ஏரியில் எடுத்த படத்தில் எதிர்க்கரை சாய்ந்து தெரிகிறது. அதைக் கிடைமட்டமாக்கினால் மரங்களெல்லாம் ஒருபுறம் விழுவது போல ஆகின்றன. தண்ணீர் மட்டமாகத்தானே இருக்க வேண்டும்?

ரசமட்டம்:

தண்ணீர் மட்டமாகத்தான் இருக்கிறது அம்மா. கரைக்கோடு அப்படிப் பதிய வேண்டும் என்பதில்லை. கரை உங்களுக்கு நேர் குறுக்காக ஓடினால்தான் படத்தில் கிடைமட்டமாக வரும். ஒரு முனை அருகிலும் மறுமுனை தொலைவிலும் இருந்தால், அருகிலுள்ள முனை தாழ்ந்தும் தொலைவிலுள்ளது உயர்ந்தும் பதிவது இயல்பு. 1863இல் உருவாக்கப்பட்ட அந்த ஏரி விண்மீன் வடிவில் பல பக்கமும் கை நீட்டிக் கிடப்பதால், எங்கே நின்றாலும் ஏதோ ஒரு கரை சாய்வாகத்தான் ஓடும். அங்கே கரையை விட்டுவிட்டு, நீரில் தெரியும் பிரதிபலிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத வேளையில் ஒரு படகுத்துறைக் கம்பத்தின் உச்சியையும் நீரில் தெரியும் அதே உச்சியையும் இணைக்கும் கோடு செங்குத்தானது. படத்தின் நடுப்பகுதியில் அப்படியொரு இணையைத் தேர்ந்து அதைக்கொண்டு நேராக்கினால் மரங்களும் நிமிரும், கரை தன் இயல்பான சாய்வுடன் நிற்கும்.

தெற்குக்கரை:

மிக்க நன்றி ஐயா. நேற்று இரவு தூக்குக் குண்டுச் சோதனையைச் செய்தேன். ட்ரைபாடில் எடுத்த படத்தில் நூலின் சாய்வு 0.2 டிகிரிதான். கையில் பிடித்து எடுத்த பத்தில் எட்டுப் படங்களில் நூலின் மேல்முனை இடப்பக்கம் 1 முதல் 1.5 டிகிரி வரை சாய்ந்திருந்தது. அதே கையால் 2 நொடி டைமர் வைத்து எடுத்தபோது எல்லாமே அரை டிகிரிக்குள் வந்துவிட்டன. ஆக, விரல்தான். ஆனாலும் சிலைக்கும் கடலுக்கும் ஒத்துப்போகாத சிக்கல் தீரவில்லை. உற்றுப் பார்த்தால் கடல்கோடே நடுவில் சற்றுத் தொய்ந்தது போல இருக்கிறது. பூமியின் வளைவு இப்படித் தெரியுமா?

கல்லும் உளியும்:

பூமியின் வளைவு அன்று, தம்பி. கரையில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அந்த உயரத்திலிருந்து எடுத்த படத்தில் வளைவு தெரிய வாய்ப்பில்லை. அப்படியே தெரிந்தாலும் நடு உயர்ந்து ஓரங்கள் தாழ வேண்டும். உங்களுடையது நேர்மாறாக இருக்கிறது. இது உங்கள் லென்ஸ் அதன் அகலக் கோணமான 18 மில்லிமீட்டரில் உண்டாக்கும் பீப்பாய் வளைவு; நேர்கோடுகள் பீப்பாயின் பக்கங்களைப் போல வெளிப்புறம் வளைந்து பதியும். படத்தின் நடுவே செல்லும் கோட்டை அது வளைப்பதில்லை. நடுவிலிருந்து விலக விலக வளைவு கூடும். நீங்கள் உயரமான சிலையைச் சேர்ப்பதற்காகக் கடலைச் சட்டத்தின் கீழ்ப்பகுதிக்குத் தள்ளியிருப்பதால், நடு தாழ்ந்து ஓரங்கள் மேலேறிவிட்டன. இட ஓரத்திலிருந்து பீடம் வரை மட்டும் நீங்கள் இழுத்த கோடு அந்த வளைவின் ஒரு பாதியைத்தான் அளந்தது. அதனால்தான் மறுபாதி மோசமானது. முதலில் லைட்ரூமில் அந்த லென்ஸுக்குரிய திருத்தத்தை இயக்குங்கள். பிறகு நேராக்கும் கோட்டை இட ஓரத்திலிருந்து வல ஓரம் வரை முழுதாக இழுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

அடுத்தது சிலை. இதைச் சொல்ல எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு, ஏனெனில் குறையென்று பலர் எண்ணுவது சிற்பியின் கைத்திறன். கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் எழுந்து 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலை, இடுப்பில் மெல்லிய வளைவுடன் வடிக்கப்பட்டது. விறைத்து நிற்கும் தூண்போல அல்லாமல், உயிருள்ள ஒருவர் நிற்பது போன்ற நிலை அது. அந்த உடலை அளவுகோலாக வைத்துப் படத்தை நிமிர்த்த முயன்றால் கல்லில் உள்ள வளைவை நீங்கள் கடலின் மேல் சுமத்திவிடுவீர்கள். மொத்தம் 133 அடியில் சிலை 95 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்களைக் குறிக்கும் பீடம் 38 அடி. செங்குத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பீட மண்டபத்தின் நிமிர்ந்த விளிம்புகளைப் பாருங்கள். அதன் கிடைக்கோடுகளை எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நேர் எதிரே நிற்காதவரை அவை கரைக்கோட்டைப் போலவே சாய்ந்து பதியும். இப்படத்தில் முழு அடிவானமும் தெரிவதால் பீடம்கூட இரண்டாம் சான்றுதான், கடலே முதற்சான்று.

இன்னொன்று. மேல்நோக்கி எடுத்ததால் செங்குத்துகள் உச்சியை நோக்கிக் குவிவதைச் சாய்வு என்று எண்ணித் திருப்பிவிடாதீர்கள். அதைச் சரிசெய்ய செங்குத்துத் திருத்தம் என்று தனி அமைப்பு உண்டு. அதையும் முழுமையாகச் செலுத்தினால் சிலையின் தலை பெருத்துத் தோன்றும். பாதியளவில் நிறுத்துவது என் வழக்கம்.

தெற்குக்கரை:

தாங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன் ஐயா. லென்ஸ் திருத்தத்தை இயக்கியதும் கடலின் தொய்வு மறைந்தது. ஓரம் முதல் ஓரம் வரை கோடு இழுத்தபோது தேவைப்பட்ட திருப்பம் 1.2 டிகிரி மட்டுமே. முன்பு பாதிக் கோடு 2.6 டிகிரி கேட்டது. வெட்டுப்பட்ட அளவு பாதிக்கும் கீழே குறைந்ததால் பீடத்தின் அடிப்பாறை முழுதாக நிற்கிறது. சிலையின் இடுப்பு வளைவை இப்போது அதன் அழகாகவே பார்க்கிறேன். படகில் எடுத்தவற்றில் ஒன்பது படங்களை மட்டும் திருத்துவதற்காக எடுத்து வைத்துள்ளேன். அச்சுக்கு அனுப்புவதற்கு முன் வேறு எதையும் கவனிக்க வேண்டுமா?

அலைபாயும் கண்:

கண்ணாடிச் சட்டம் போடும்போது அதன் உள்விளிம்பு சுற்றிலும் சில மில்லிமீட்டர் படத்தை மறைக்கும். அடிப்பாறை ஓரத்தை ஒட்டியிருந்தால், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு அச்சிடச் சொல்லுங்கள். சுவரில் மாட்டும்போது சட்டத்தின் மேல்விளிம்பில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். தரைக்கோட்டையோ கூரைக்கோட்டையோ பார்த்து மாட்டாதீர்கள்.

தெற்குக்கரை:

வெள்ளை விளிம்புடன் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ரசமட்டத்தை எதிர்வீட்டுக் கொத்தனார் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.