அடுத்த ஜேம்ஸ் பாண்ட் யார் என்ற பேச்சில் மனசில் தங்கிப்போன ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாம் வாசி:
2025 ஜூலை கடைசியில் அடுத்த பாண்ட் படத்தின் கதையை ஸ்டீவன் நைட் எழுதுகிறார் என்று அறிவித்ததிலிருந்து என் போனில் இதே பேச்சுதான். எனக்கு 2024 மார்ச்சில் நடந்த ஒன்று இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்போது இங்கே லண்டனில், பந்தயம் கட்டும் ஒரு பெட்டிங் கடையில் கவுன்டர் வேலை. நடிகர் ஆரன் டெய்லர்-ஜான்சனுக்குப் பாண்ட் வாய்ப்பைக் கொடுத்துவிட்டார்கள், கையெழுத்துதான் பாக்கி என்று ஒரு பத்திரிகை போட்டிருந்த நேரம். வந்தவர்கள் எல்லாம் அவர் பெயரைத்தான் கேட்டார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அந்தப் பத்திரிகையை நாலாக மடித்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். கட்டைவிரல் முழுக்க அச்சு மை. "இந்த வருஷம் யாரையும் அறிவிக்க மாட்டார்கள் என்று கட்ட முடியுமா?" என்று கேட்டார். அப்படி ஒரு பந்தயமே எங்களிடம் இல்லை. "1986-இல் பிராஸ்னன்தான் அடுத்த பாண்ட் என்று இதே மாதிரி முடித்தே விட்டார்கள். கடைசி நேரத்தில் டிவிக்காரர்கள் ரெமிங்டன் ஸ்டீல் தொடரை நீட்டித்து அவரைத் திரும்ப இழுத்துக்கொண்டார்கள். பாண்டாக டால்டன் வந்தார்" என்றார். பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் முழுக்க யாரையும் அறிவிக்கவில்லை. அவர் கட்ட வந்ததை நாங்கள் வாங்கியிருந்தால் ஜெயித்திருப்பார். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ என்று ஒவ்வொரு வதந்தி வரும்போதும் தோன்றும்.

கச்சேரி ரோடு:
என்னுடையது உதய்ப்பூர். ஆக்டோபஸி என்ற பாண்ட் படம் எடுத்த ஊர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைமாடி ஹோட்டல்களில் ராத்திரி அந்தப் படத்தைத்தான் போடுவார்கள். திரையில் பிச்சோலா ஏரி அரண்மனை, தலையைத் திருப்பினால் அதே அரண்மனை விளக்கு போட்டு நிற்கிறது.

சாப்பாடு கொண்டுவந்த பையன், இருபது வயது இருக்கும், பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் காட்டினான். வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் எல்லாம் அடுத்த பாண்ட் யார் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறான். இட்ரிஸ் எல்பா, ஹென்றி கேவில், டாம் ஹார்டி என்று பக்கம் பக்கமாக. பெயருக்கு எதிரே எந்த நாட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு குறிப்பு. சில பெயர்களைச் சிவப்புப் பேனாவில் அடித்திருந்தான். ஏன் என்று கேட்டால், "இவருக்கு வயசாகிவிட்டது என்று அடுத்து வந்தவர் சொன்னார், மேடம்" என்கிறான்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஆட்டோ துரத்தல். டென்னிஸ் மட்டையால் அடியாட்களைச் சாத்துகிற விஜய் அமிர்தராஜ் எங்கள் சென்னைக்காரர், நிஜமாகவே விம்பிள்டன் ஆடியவர் என்றேன். அவன் நம்பவில்லை. தினம் பார்க்கிற முகம், யாரோ பம்பாய் நடிகர் என்று நினைத்திருக்கிறான். போனில் தேடிக் காட்டியதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய் சமையல்காரரைக் கூட்டிவந்தான். அப்புறம் நோட்டை என்னிடம் நீட்டி, "நீங்கள் யார் பெயர் எழுதுவீர்கள்?" என்றான். எழுத ஒரு பெயரும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சினிமாத் தபால்:
ஈஸ்ட்ஹாம் வாசி, பெரியவர் சொன்னது சரி. ஆனால் பெட்டிங் கடை நிலவரத்தை வைத்து யாரும் எதையும் நம்ப வேண்டாம். செய்தி வந்தால் பணம் விழும், பணம் விழுந்தால் விலை, அதாவது ஜெயித்தால் கிடைக்கும் விகிதம், குறையும், விலை குறைந்ததே மறுநாள் செய்தியாகும். உள்ளே இருந்து ஒன்றும் கசிந்திருக்காது.

என் சந்திப்பு சின்னது. 2006, சிங்கப்பூர். எங்கள் ஆபீஸ் சீனியர், செம்பட்டை முடி வைத்த டேனியல் கிரெய்க்கைப் பாண்டாகப் பார்க்கவே மாட்டேன் என்று ஒரு வருஷமாகச் சண்டை. வலுக்கட்டாயமாக இழுத்துப்போனோம். அவருடைய முதல் பாண்ட் படம் கசினோ ராயல். அதன் தொடக்கத்தில் கறுப்பு வெள்ளையில் அந்தக் கழிப்பறைச் சண்டை வருமே, அப்போது என் முழங்கையைப் பிடித்தவர் டைட்டில் பாட்டு முடியும்வரை விடவில்லை. 2005 அக்டோபரில் புது பாண்டாக அறிவித்த அன்று தேம்ஸில் படகில் லைஃப் ஜாக்கெட்டோடு வந்த கிரெய்க்கை எவ்வளவு கேலி செய்தார்கள், புறக்கணிப்போம் என்று இணையதளமே நடத்தினார்கள்.

அதனால் வதந்தி படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். முதலில் பாண்ட் ஆனவர்களின் வயதைப் பாருங்கள். கானரி முதல் படத்தில் நடித்தபோது 31, லேசன்பி படம் வந்தபோது 30, மூருக்கு 45, டால்டனுக்கு 41, பிராஸ்னனுக்கு 42. கிரெய்க்கை அறிவித்தபோது அவருக்கு 37, கடைசிப் படம் வந்தபோது 53. இன்று ஒருவரை எடுத்தால் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு எடுக்கிறார்கள் என்று அர்த்தம். கச்சேரி ரோடு, உங்கள் பையன் நோட்டில் இருக்கும் கேவில் கசினோ ராயலுக்கே தேர்வுக்குப் போனவர். நன்றாகச் செய்தார், ஆனால் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார் என்று அந்தப் படத்தின் டைரக்டர் மார்ட்டின் கேம்ப்பெல்லே பின்னால் சொன்னார். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். கதவு மூடிவிட்டது. டாம் ஹாலண்ட், ஜேக்கப் எலோர்டி, ஹாரிஸ் டிக்கின்சன் என்று இளசுகளின் பெயர் ஓடுவது இதனால்தான். எலோர்டி ஆஸ்திரேலியர் என்று குதிப்பவர்கள் லேசன்பியை நினைத்துப் பாருங்கள், அவரும் ஆஸ்திரேலியர்தான்.

இரண்டாவது, டைரக்டரின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த பாண்ட் படத்தை எடுக்கும் வில்நோவுக்கு மூன்றாவது டியூன் படம் 2026 டிசம்பருக்கு வர வேண்டும். நைட் எழுதுகிறார் என்று அறிவித்ததே 2025 ஜூலை கடைசியில்தான். கதை முடியாமல் யாரை வைத்து ஸ்கிரீன் டெஸ்ட் எடுப்பார்கள்? ஃப்ரம் ரஷ்யா வித் லவ் படத்தின் படுக்கையறைக் காட்சியை நடித்துக் காட்டச் சொல்வதுதான் பழைய வழக்கம். 1986-இல் சாம் நீல்கூட அப்படி நடித்துக் காட்டியவர்தான். அந்தக் கட்டம் வரட்டும், அப்புறம் பேசலாம். அதுவரை இன்னார்தான் என்று வீட்டில் யாரிடமும் சத்தியம் செய்யாதீர்கள்.

வாட்ஃபோர்டு மழை:
தபால் சார், சொன்னது எல்லாம் சரி, ஆனால் இங்கே யாரும் ஆலோசனை கேட்கவில்லையே. கதைக்கு வருகிறேன்.

2021 செப்டம்பர் 28 ராத்திரி. லண்டன் ஆல்பர்ட் ஹாலில், கிரெய்க்கின் கடைசிப் பாண்ட் படமான நோ டைம் டு டை முதல் காட்சி. கிரெய்க் ரோஸ் வெல்வெட் கோட்டில் வந்தாரே, அன்றுதான். நான் ஷிஃப்ட் முடிந்து பிக்காடில்லி லைன் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். சவுத் கென்சிங்டனில் ஒரு பெண் ஏறினார். நீள கவுன், காலில் ஓட்டப் பயிற்சி ஷூ, ஹீல்ஸ் கையில். அன்று மருத்துவப் பணியாளர்களையும் அழைத்திருந்தார்கள், இவர் நர்ஸ். எதிரே இருந்த இரண்டு பையன்கள் அழைப்பிதழைப் பார்த்துவிட்டார்கள். படம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. "அடுத்து யார்? ஏதாவது சொன்னார்களா?" என்றார்கள்.

அவர் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் ஹீல்ஸின் வாரைக் கோத்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். கண் மை கலைந்திருந்தது. "கடைசி எழுத்து ஓடி முடிகிறவரைக்கும் எழுந்துவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். நான் அடுத்த வாரம் பார்த்தபோதுதான் புரிந்தது. பாண்ட் செத்துப்போகிறார், அதை வாய் திறந்து சொல்லவும் முடியாது. பெயர்ப் பட்டியல் எல்லாம் ஓடிய பிறகு, ஜேம்ஸ் பாண்ட் திரும்ப வருவார் என்று ஒரு வரி. கிரெய்க் இருக்கும்போதே அடுத்தவரைத் தேடினோம், எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

மொன்றியல் கடைக்காரன்:
நான் வைத்திருப்பது மூலைக்கடை. 2025 ஜூன் 25, தெனி வில்நோவ்தான் டைரக்டர் என்று அறிவித்த கையோடு எங்கட வாடிக்கைக்காரி ஒரு அம்மா வந்தா. அவ ஜாந்திலிப் பக்கம், வில்நோவ் பிறந்த ஊர். லொத்தர் சீட்டு எடுக்க வந்தவ, அதை மறந்து போனைத் தூக்கிக் காட்டுறா. "எங்கட தெனி!" அவ்வளவுதான், கண் நிறைந்துவிட்டது. சின்ன வயதில் அப்பாவோட இருந்து கானரி படம் பார்த்தது பற்றி அவர் அறிக்கையில் சொல்லியிருந்தார். இந்த அம்மாவும் தன்ர தகப்பனோட அதே படங்களை பிரெஞ்சு டப்பிங்கில் பார்த்தவவாம்.

பின்னுக்கு நின்ற பெடியன், "அவர்ர படமெல்லாம் மெதுவு, பாண்டுக்குச் சரிவராது" என்றான். அம்மா திரும்பி வில்நோவின்ர சிக்காரியோ படத்தில் வாற எல்லைப் பாலத்துக் காட்சியை அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டா. கார்கள் அசையாமல் நிற்குது, பக்கத்துக் காருக்குள்ள துவக்கு தெரியுது, ஒருத்தரும் பேசேல்ல. கையால் கார்களை என்ர மேசையில் வரிசையாக வைத்துக் காட்டினா. வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஸ்கைஃபோல் பாண்ட் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ரொஜர் டீக்கின்ஸ்தான் சிக்காரியோவுக்கும் ஒளிப்பதிவு என்று நான் சொல்ல, அந்தப் பெடியன் அமைதியாகிவிட்டான்.

பழைய டெக்:
அண்ணா, அந்த அம்மாவின் சந்தோஷம் புரிகிறது. ஆனால் அறிவித்துவிட்டார்கள் என்பதால் மட்டும் நிச்சயம் இல்லை. நோ டைம் டு டை படத்துக்கு டைரக்டர் என்று டேனி பாய்ல் பெயரையும் அறிவித்தார்கள், 2018 ஆகஸ்டில் கருத்து வேறுபாடு என்று விலகிவிட்டார், அடுத்த மாதமே அவர் இடத்துக்கு ஃபுகுநாகா வந்தார். அதுவும் பாண்ட் படங்களைத் தயாரித்துவந்த பிராக்கலி குடும்பத்தின் கையில் கடிவாளம் இருந்தபோதே. 2025 பிப்ரவரியில் அது அமேசானிடம் போய்விட்டது. புதுத் தயாரிப்பாளர்கள் டேவிட் ஹேமனும் ஏமி பாஸ்கலும் அனுபவசாலிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1962-இலிருந்து ஒரே வீட்டில் எடுத்த முடிவை இனி ஒரு கம்பெனி எடுக்கப்போகிறது. நடிகர் யார் என்பதைவிட எனக்கு இதுதான் கவலை. ஆறேழு பக்கக்கதைகளும் வெப் தொடர்களும் கிளப்பிவிட்டு, படத்துக்காகக் காத்திருக்கும் வழக்கத்தையே அழித்துவிடக் கூடாது.

மொன்றியல் கடைக்காரன்:
தம்பி, பாய்ல் விலகினது எனக்கும் தெரியும். வில்நோவ் பிடிவாதக்காரன், விடமாட்டான். நடிகர் ஆர் எண்டு வரட்டும், அந்த அம்மாவிடம் கேட்டு எழுதுறன்.