மறுமொழி: ‘எடிட்டிங் கிரெடிட்’ – ‘நன்றி’ என்று எழுதினால் போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒருவர் எடுத்த படத்தை இன்னொருவர் எடிட் செய்து கொடுத்தால் அதை எப்படிக் குறிப்பது, ‘எடிட்டிங் கிரெடிட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு இதுவரை இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன.

> ‘நன்றி: இன்னார்’ என்று போட்டால் முடிந்தது. இதற்கெல்லாம் தனிச்சொல் வேண்டுமா?

> ‘உரிமைக் குறிப்பு’ என்று வைக்கலாமே. பத்திரிகைகளில் படத்தின் ஓரத்தில் பெயர் போடுவதுதானே இது.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் சைத்ர பௌர்ணமி இரவு, பெங்களூரு திகளரபேட்டை தர்மராயர் கோயிலின் கரக ஊர்வலத்துக்குப் போயிருந்தேன். நள்ளிரவு தாண்டிக் கரகம் வெளியே வந்தது. சுற்றிலும் உருவிய வாளோடு அதற்குக் காவலாக வரும் வீரகுமாரர்கள். அந்த நெரிசலில் எனக்குத் தேறியது ஒரே படம். இருட்டுக்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர் அளவை) 6400க்கு ஏற்றியிருந்தேன். மல்லிகை மூடிய கரகம் ஃப்ளட்லைட்டில் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. சுமந்து வந்தவரின் இடது கன்னத்தில் ஏதோ ஒரு கடையின் ட்யூப்லைட் பச்சை. இருட்டான இடமெல்லாம் குருணை குருணையாக நாய்ஸ் என்னும் புள்ளிகள். அல்சூரில் பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் ரா ஃபைலை (கேமரா பதிந்தபடியே உள்ள ஃபைலை) வாங்கிப் போய் இரண்டு இரவு உட்கார்ந்தார். ஃபைலில் கொஞ்சம் விவரம் மிச்சமிருந்திருக்கிறது. மல்லிகை இதழ் இதழாகத் திரும்பி வந்தது. கன்னமும் தன் நிறத்துக்கு வந்தது.

அந்தப் படம் ஓர் அமைப்பின் ஆண்டு மலரில் அட்டையில் வந்தது. அட்டையின் உள்பக்கம் என் பெயர். கடைசிப் பக்கத்தில், விளம்பரம் தந்தவர்கள், நாற்காலி தந்தவர்கள் என்று நீளும் ‘நன்றி’ப் பட்டியலில் தம்பியின் பெயர். அப்படிப் போடச் சொன்னவன் நான்தான். மலரைக் கையில் கொடுத்ததும் அவர் அந்தக் கன்னத்தை நகத்தால் தொட்டு, “அண்ணா, இங்கதான் அந்தப் பச்சை இருந்துச்சு” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அவருடைய அப்பா சிவாஜிநகரில் ஒரு ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்த்தவர். நெகட்டிவின் மேல் மருந்து தடவி, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே கருமையையும் புள்ளி புள்ளியாக மறைக்கும் வேலை. எத்தனையோ வீட்டுக் கல்யாணப் படங்கள் அவர் கைபட்டவை. அவற்றின் பின்பக்கம் இருப்பது ஸ்டுடியோ முத்திரை மட்டும். அப்பாவுக்கு நடந்ததையே மகனுக்கும் செய்திருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே ‘நன்றி’ போதாது என்கிறேன். ஏணி கொடுத்தவருக்கும் வண்டியில் ஏற்றிப் போனவருக்கும் நன்றி சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் அது என் மனத்தைச் சொல்லும் சொல். அவர் என்ன செய்தார் என்பதை அது சொல்வதில்லை.

‘உரிமை’க்கு வேறு சிக்கல். நம் பதிப்புரிமைச் சட்டம் (1957) நிழற்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான் என்கிறது. தம்பி உரிமை கேட்கவில்லை. ‘உரிமைக் குறிப்பு’ என்று தலைப்பிட்டால் ஒன்று அவர் உரிமை கோருவது போலாகும், அல்லது அவருக்கு அங்கே இடமே இருக்காது.

இதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. சங்க நூலான பரிபாடலில் பாட்டின் கீழே வரும் குறிப்பைப் பாருங்கள். இரண்டாம் பாடலுக்கு: கீரந்தையார் பாட்டு, நன்னாகனார் இசை, பண் பாலையாழ். நன்னாகனாருக்கு யாரும் அங்கே நன்றி சொல்லவில்லை. ‘இசை உதவி’ என்றும் எழுதவில்லை. ஆளின் பெயர், அவர் செய்த வேலை, அவ்வளவுதான். பாட்டை இயற்றியவருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: இன்னார் படம், இன்னார் மெருகு. இந்த வரிக்குப் பொதுப்பெயராக ‘பங்குக் குறிப்பு’ என்று வைக்கலாம். ‘பங்கு’ என்றதும் சந்தை நினைவு வரும் என்று யாராவது சொல்லலாம். ‘பங்களிப்பு’ நம் வாயில் பழகிவிட்டதால் எனக்கு அந்த அச்சமில்லை.

ஏன் ‘மெருகு’? ‘தொகுப்பு’ சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல்; அங்கே அது துண்டுகளைச் சேர்ப்பது. ‘திருத்தம்’ என்றால் எடுத்தவர் தப்புச் செய்தது போல ஒலிக்கிறது. நகைக்கு மெருகு போடுபவர் பொன்னைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. இருப்பதைத் துலங்க வைக்கிறார். நிறம், ஒளி, நாய்ஸ், தூசி நீக்கம் எல்லாம் இதில் அடங்கும்.

மின்கம்பியை அழித்தாலோ ஓர் ஆளையே எடுத்துவிட்டாலோ அதை மெருகு என்று சொல்லக் கூடாது. அதற்கு ‘மாற்றம்’. (‘மாற்று’ வேண்டாம்; அது பொன்னின் தரத்தைக் குறிக்கும் சொல்.) இந்த வேறுபாடு மரியாதைக்காக மட்டுமல்ல, பார்ப்பவருக்காகவும். வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்னும் உலகச் செய்திப்படப் போட்டியில் 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 சதவீதம் இப்படிப்பட்ட காரணங்களால் நீக்கப்பட்டன. ‘மெருகு’ என்று எழுதுபவர் எதையும் சேர்க்கவில்லை, அழிக்கவில்லை என்று பொறுப்பேற்கிறார்.

நடைமுறையில் இன்னும் சில. பெயர் போடுமுன் கேட்டுவிடுங்கள். மெருகிட்ட பிறகு நீங்கள் ஷார்ப்னெஸ்ஸை ஏற்றிக் கெடுத்திருந்தால், அந்தப் படத்தில் தன் பெயர் வேண்டாம் என்று அவர் சொல்லலாம். பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற சிசி பை 4.0 உரிமத்திலேயே, மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும். உரிமையாளர் கேட்டால் அவர் பெயரை எடுத்துவிடவும் வேண்டும். விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் மெருகிட்ட படங்களுக்கான வார்ப்புருவில் அதைச் செய்தவரின் பெயருக்கென்றே ஓர் இடம் உண்டு. வாட்ஸப்பில் சுற்றும்போது படத்தின் கீழே எழுதியது உதிர்ந்துபோகும் என்பார்கள். உண்மைதான், ஃபைலுக்குள் எழுதியதும் அங்கே தங்குவதில்லை. ஆனாலும் அச்சகத்துக்கும் இதழுக்கும் அனுப்பும் மூல ஃபைலில் எழுதி வையுங்கள். படத்தின் விவரங்களை ஃபைலுக்குள் எழுதுவதற்கான ஐபிடிசி தரவரையறையின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் பங்களித்தவரின் பெயரையும் அவர் செய்த வேலையையும் குறிக்கத் தனிப் புலமே வந்துவிட்டது.

பெரிய கலைஞர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். புகழ்பெற்ற பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸோன் தம் படங்களைத் தாமே பிரிண்ட் போட்டுக்கொண்டவர் அல்லர். பாரிஸ் பிக்டோ லேபில் நெடுங்காலம் அதைச் செய்தவர் வோயா மித்ரோவிச். அந்தப் பெயர் தெரிந்ததால் கார்த்தியே-ப்ரெஸோன் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. அந்தச் சாம்பல் நிறங்களை உற்றுப் பார்க்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

மலரின் இணையப் பதிப்பில் குறிப்பை மாற்ற ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. என் பெயருக்குப் பக்கத்தில் ‘படம்’, தம்பி பெயருக்குப் பக்கத்தில் ‘மெருகு: நிறம், நாய்ஸ்’ என்று எழுதி அவரிடம் காட்டினேன். ‘நாய்ஸ்’ தமிழ் இல்லையே என்றார். ‘இரைச்சல்’ என்று நான் சொன்னதற்கு, அது காதுக்கு உள்ளது, படத்தில் தெரிவது ‘குருணை’ என்கிறார். அரிசிக் குருணையைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும் என்றுதான் எனக்கும் படுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் வரியை அனுப்ப வேண்டும். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு